பிஎம்பியா, என்பிடெல்லா, எக்செல்லா? ஆபீஸ் நிர்வாக வேலைக்கு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் எதில் படிப்பது

போன மாதம் ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் ஆபீசில் வேலை பார்க்கும் தம்பி போனை என் பக்கம் நீட்டினார். "அக்கா, இதுல சேரலாமா? ரெண்டு மாசத்துல முடிச்சிடலாமாம்." பார்த்தால் ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி என்ற சர்வதேசச் சான்றிதழுக்குப் பயிற்சி விளம்பரம். இன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் பணம் கட்டினால் பாதிக் கட்டணம் என்று சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதே விளம்பரம் முந்தின நாள் எனக்கும் வந்தது, அதிலும் இன்று ராத்திரிதான் கடைசி.

தம்பி காரிமங்கலம் பக்கம், பி.காம். முடித்தவர், மூன்று வருஷமாக எங்களோடு இருக்கிறார். நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவு. உற்பத்தி எங்கள் கையில் இல்லை. உரிமம் புதுப்பிப்பது, வண்டி, கேன்டீன், ஒப்பந்தத் தொழிலாளர் கோப்பு, ஆடிட்டுக்கு வருகிறவர்களைக் கவனிப்பது, ஏசி ஓடவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுவது என்று யார் பெயரிலும் இல்லாத வேலை எல்லாம் எங்கள் பெயரில் இருக்கும். எனக்கு இதில் பதினோரு வருஷம். இடையில் தொலைநிலையில் எம்பிஏ முடித்தேன், ஐஐடிகளின் ஆன்லைன் பாடத்தளமான என்பிடெல்லில் ஒரு பாடம் எழுதினேன், கூகுளின் ஆன்லைன் கோர்ஸைப் பாதியில் விட்டேன், ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டி ஏமாந்தேன். பிஎம்பி எழுதியதில்லை. அதனால் இது படித்த, பாதி படித்த, படிக்காமல் விட்ட எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சொல்வது.

முதலில் தம்பியிடம் கேட்டது, "உன் வேலையில ப்ராஜெக்ட் எது சொல்லு பார்ப்போம்?" என்றுதான். "எல்லாமே தானே அக்கா" என்றார். இல்லை. எல்லாம் இல்லை. இந்த இடத்தில் தெளிவு வராமல் எந்தக் கோர்ஸில் சேர்ந்தாலும் பாதி பாடம் நமக்குச் சம்பந்தமில்லாததாகத் தெரியும்.

நம்ம ஊருக்குத் தெரிந்த உதாரணம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, பல்லில் கறை ஏறிய பிள்ளைகளை நம்ம தலைமுறை பார்த்தே வளர்ந்தது. ஜப்பான் கடனுதவியோடு 2008ல் அடிக்கல் நாட்டி, 2013ல் தொடங்கி வைத்தார்கள். குழாய் பதித்தது, சுத்திகரிப்பு நிலையம் கட்டியது, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் காட்டியது வரை ப்ராஜெக்ட். ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு, ஒதுக்கிய பணம் உண்டு. அதற்கப்புறம் தினமும் மோட்டார் போடுவது, குளோரின் கலப்பது, உடைந்த குழாயை ஒட்டுவது எல்லாம் ஆபரேஷன். அதற்கு முடிவு தேதி கிடையாது, தண்ணீர் குடிக்கிற வரை நடக்க வேண்டும். நிர்வாக வேலையில் பத்துக்கு எட்டு பங்கு இந்த மோட்டார் போடுகிற வேலைதான். மீதி இரண்டு பங்குதான் ப்ராஜெக்ட்: ஆபீஸ் மாற்றுவது, புது வருகைப்பதிவு மெஷின் போடுவது, ஐஎஸ்ஓ ஆடிட்டுக்குத் தயாராவது, கேன்டீன் ஒப்பந்தத்தைப் புது ஆளுக்கு மாற்றுவது. இந்த இரண்டு பங்குதான் நம்மைத் தூங்கவிடாது என்பது வேறு விஷயம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ராயக்கோட்டை ரோட்டில் இருந்த எங்கள் டவுன் ஆபீசைக் காலி செய்து வேறு கட்டிடத்துக்குப் போனோம். நான்தான் பொறுப்பு. பெயின்ட், மேஜை, ரேக், பெயர்ப்பலகை, பூஜைக்கு நாள் பார்த்தது என்று நாற்பது வேலை எழுதி வைத்து முப்பத்தெட்டில் டிக் போட்டுவிட்டேன். பால் காய்ச்சிக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் நெட் இல்லை. நெட் லைன் கேட்டால் புது முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் என்றால் வாடகை ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் கட்டிடக்காரர் கையெழுத்துப் போடவில்லை, ஏனென்றால் அவர் பேரனுக்குக் காதுகுத்து, குடும்பத்தோடு குலதெய்வக் கோவிலுக்குப் போயிருந்தார், அங்கிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதே ஒப்பந்தம் இல்லாமல் ஜிஎஸ்டி பதிவிலும் முகவரியை மாற்ற முடியாது, அதற்கு மாறின நாளில் இருந்து பதினைந்து நாள்தான் அவகாசம். பெங்களூரா காய் இறங்க ஆரம்பித்த நேரம், வண்டி வண்டியாக வருகிறது, சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் ஈ-வே பில் போட வேண்டும். பதினோரு நாள் என் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஆபீஸ் ஓடியது. நான் டீ குடிக்க எழுந்தால் பில் நிற்கும். "மேடம், போனை வச்சிட்டுப் போங்க" என்பார்கள்.

பிறகு என்பிடெல் பாடத்தில் கிரிட்டிக்கல் பாத் என்று ஒன்று வந்தபோது சத்தமாகவே சிரித்தேன். நாற்பது வேலையில் எது தள்ளிப்போனால் மொத்தமும் தள்ளிப்போகுமோ, அந்தத் தொடர்தான் கிரிட்டிக்கல் பாத். என் நாற்பதில் அது பெயின்டும் இல்லை, ரேக்கும் இல்லை, ஒரு கையெழுத்து. பட்டியலில் அது இடம்பெறவே இல்லை. இந்த முறையை 1957 வாக்கில் அமெரிக்காவின் டூபான்ட் ரசாயனக் கம்பெனியில் உருவாக்கினார்கள், ஆலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை செய்யும்போது எவ்வளவு சீக்கிரம் திரும்ப ஓட்டுவது என்பதும் அவர்கள் மண்டையைக் குடைந்த கேள்விகளில் ஒன்று. சீசன் முடிந்ததும் மிஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு அடுத்த மே மாதத்துக்குள் பூட்ட வேண்டிய எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இருக்க முடியாது. சரி, இனி எது எதில் படிக்கலாம் என்று பார்ப்போம்.

பிஎம்பியை முதலில் ஓரம் கட்டிவிடலாம். மோசமான படிப்பு என்பதால் இல்லை. தம்பியால் இப்போது விண்ணப்பிக்கவே முடியாது என்பதால். அதை நடத்தும் பிஎம்ஐ 1969ல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு, பிஎம்பி தேர்வு 1984ல் இருந்து நடக்கிறது. பட்டப்படிப்பு உள்ளவருக்கே ப்ராஜெக்டை முன்நின்று நடத்திய அனுபவம் 36 மாதம் வேண்டும், பள்ளிப் படிப்பு மட்டும் என்றால் 60 மாதம், அதோடு 35 மணி நேர வகுப்பு. முன்நின்று நடத்திய என்பதுதான் முக்கியம். உரிமம் புதுப்பித்ததும் வண்டிக்கு டீசல் போட்டதும் அந்தக் கணக்கில் வராது. விண்ணப்பத்தில் எழுதியதற்கு ஆதாரம் கேட்டுத் தணிக்கையும் செய்வார்கள். அந்த விளம்பரத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. 35 மணி நேர வகுப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், 36 மாதத்துக்கு எங்கே போவது என்பது நம்ம பாடு. என்னைக் கேட்டால் ஓசூரிலோ பெங்களூரிலோ ஒரு பெரிய கம்பெனியில் ப்ராஜெக்ட் பிரிவில் நாலைந்து வருஷம் இருந்தவர் எழுத வேண்டிய தேர்வு அது. அங்கே அந்த மூன்று எழுத்துக்கு மதிப்பு உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

அதே பிஎம்ஐ நடத்துகிற சின்னத் தேர்வு சிஏபிஎம். பள்ளிப் படிப்பும் 23 மணி நேர வகுப்பும் போதும், அனுபவம் கேட்பதில்லை. 150 கேள்வி, மூன்று மணி நேரம். தம்பிக்குக் கதவு திறந்திருப்பது இங்கேதான், ஆனால் கட்டணம் டாலரில். உறுப்பினர் அல்லாதவருக்கு 300 டாலர் அளவில் வரும், உறுப்பினர் ஆனால் கொஞ்சம் குறையும், ஆனால் உறுப்பினராகவும் பணம் கட்ட வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். நாலாயிரம் ரூபாய் சம்பள உயர்வுக்கு மூணு மாதம் முதலாளி ரூம் வாசலில் நிற்கிற ஊரில் இது சின்னத் தொகை இல்லை. பாடத்திட்டத்தையும் பார்த்தேன். 2023ல் மாற்றியமைத்த பிறகு கேள்விகளில் 27 சதவீதம் பிசினஸ் அனாலிசிஸ் (தொழிலுக்கு என்ன தேவை என்று ஆராய்வது), 20 சதவீதம் அஜைல் (வேலையைச் சின்னச் சின்னப் பகுதியாகச் செய்து திருத்திக்கொண்டே போவது). இரண்டும் மென்பொருள் வேலை பார்க்கிறவர்களுக்கு அன்றாடம். கேன்டீன் டெண்டர் விடுகிற நமக்கு அஜைல் எதற்கு என்று முதலில் நினைத்தேன், அப்புறம் வருகைப்பதிவு மெஷின் போட்டபோது முழுத் தொழிற்சாலைக்கும் ஒரே நாளில் மாற்றாமல் முதலில் பேக்கிங் பிரிவுக்கு மட்டும் போட்டு, கைரேகை பதியாதவர்களைப் பார்த்துச் சரி செய்து, பிறகு அடுத்த பிரிவுக்குப் போனோமே, அதுதான் இது என்று புரிந்தது. பெயர் தெரியாமலே செய்திருக்கிறோம். இருந்தாலும் தேர்வுக்காக அதைப் படிக்கும்போது எல்லா உதாரணமும் ஏதோ ஒரு ஆப் செய்கிற கம்பெனியைப் பற்றியே இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரின்ஸ் 2 பற்றிச் சிலர் சொல்வார்கள். அது இங்கிலாந்து அரசுத் துறைகளில் வளர்ந்த முறை, 1996ல் இந்தப் பெயரில் வந்தது, அடிப்படைத் தேர்வுக்கு முன் தகுதி எதுவும் இல்லை. யார் எதற்கு ஒப்புதல் தர வேண்டும், எந்தக் கட்டத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதை அது பிரித்துச் சொல்கிற விதம் நிர்வாக ஆட்களுக்கு உண்மையிலேயே பிடிக்கும். ஆனால் நம்ம பக்கம் அதைக் கேட்டு வேலை கொடுக்கிறவரை நான் பார்த்ததில்லை. வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் விடுங்க.

கூகுள் நடத்தும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ் கோர்செரா என்ற ஆன்லைன் தளத்தில் 2021ல் இருந்து இருக்கிறது. இதைத்தான் நான் பாதியில் விட்டேன், அதனால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு எழுதுகிறேன். ஒன்றும் தெரியாதவருக்கு என்று உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். ப்ராஜெக்ட் சார்ட்டர் (எதற்காக, யார் பொறுப்பு என்று தொடக்கத்தில் எழுதும் தாள்), இடர் பட்டியல், கூட்டக் குறிப்பு எல்லாவற்றுக்கும் மாதிரிப் படிவம் தருகிறார்கள், அதைத் தூக்கி நேராக நம்ம வேலையில் போட்டுக்கொள்ளலாம். நான் விட்ட பிறகும் அந்தப் படிவங்களில் இரண்டை இன்றுவரை பயன்படுத்துகிறேன். வாரம் பத்து மணி நேரத்துக்குள் ஒதுக்கினால் ஆறு மாதம் என்று சொல்கிறார்கள். இங்கேதான் சிக்கல், கட்டணம் மாதக் கணக்கில். வேகமாக முடிப்பவருக்கு மலிவு, என்னைப் போல மாம்பழ சீசனில் இரண்டு மாதம் லேப்டாப்பையே திறக்காதவருக்கு மாதம் தவறாமல் கார்டில் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு, ஏன் வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும், எழுதினால் பலருக்குக் கிடைக்கிறது. இதை முடித்தால் சிஏபிஎம் கேட்கும் 23 மணி நேர வகுப்புக் கணக்கும் சேர்ந்தே முடிந்துவிடும், தனியாக ஒரு வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பேச்சு அமெரிக்க ஆங்கிலம், ஆனால் மெதுவாகப் பேசுவார்கள், எழுத்தும் கீழே ஓடும். தமிழ் வழியில் படித்த தம்பிக்கு முதல் பத்து நாள் கஷ்டம், அப்புறம் பழகிவிடும்.

என்பிடெல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்ம பக்கத்தில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது தெரிந்திருக்கிறது. பி.காம்., பி.ஏ. படித்து வேலையில் இருப்பவர்கள் அது நமக்கில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் சேரலாம், பாடம் பார்ப்பது முழுக்க இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்கு 1000 ரூபாய். அந்த ஆயிரத்துக்கு ஐஐடி பெயர் போட்ட தாள் வருகிறது. வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டில் ஐஐடி ரூர்க்கியின் மேலாளர்களுக்கான பாடம் ஒன்று இருக்கிறது, நான் பார்த்தது அதைத்தான். நெட்வொர்க் வரைவது, கிரிட்டிக்கல் பாத், பெர்ட் (எத்தனை நாள் ஆகும் என்று நிச்சயமில்லாத வேலைக்கு நாளைக் கணிக்கிற முறை), செலவைக் கூட்டி நாளைக் குறைப்பது என்று கணக்குப் போட வைக்கிறார்கள். வாரா வாரம் அசைன்மென்ட், அதற்கு 25 மதிப்பெண். கடைசியில் மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 எடுத்தால் தேர்ச்சி. மொத்தத்தில் 60 எடுத்தால் எலீட் என்று போடுவார்கள், எனக்கு 58. இரண்டு மதிப்பெண்ணில் போனது, சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

குறையும் உண்டு. பேராசிரியர் கரும்பலகை முன்னால் நிற்பது போலவேதான் வகுப்பு இருக்கும், கூகுள் கோர்ஸ் போல வழவழப்பாக இருக்காது. அணை கட்டுவது, பாலம் கட்டுவது, தொழிற்சாலை முதலீட்டுக்கு வருமானம் பார்ப்பது என்று உதாரணங்கள் பெரிதாக இருக்கும். மேஜை மாற்றுகிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்று மூன்றாவது வாரத்தில் தோன்றும். தோன்றினாலும் விடாதீர்கள், கிரிட்டிக்கல் பாத் கணக்கு வரும் வரைக்குமாவது தாங்குங்கள். இன்னொன்று, அசைன்மென்டுக்கு வாரா வாரம் கடைசித் தேதி இருப்பதால் நம்மை யாரோ தள்ளிக்கொண்டே இருப்பது போல இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்குக் காசைவிட அதுதான் தேவை. நான் கூகுள் கோர்ஸை விட்டதற்கும் இதை முடித்ததற்கும் இந்தக் கடைசித் தேதியைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. பாட எழுத்தைச் சில பாடங்களுக்குத் தமிழிலும் போட்டிருக்கிறார்கள், சேரும் முன் தேடிப் பாருங்கள். ஜூலை வேண்டாம், ஜனவரிதான் நம்ம தொழிலுக்குச் சரி. ஜூலையில் கூழ் ஓடிக்கொண்டிருக்கும்.

தொலைநிலை எம்பிஏ. 1985ல் தொடங்கிய இக்னோவிலும் 2002ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம், இன்னும் பல இருக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் அந்த வருஷத்துக்கு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு வருஷம். அதில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஒரே ஒரு பாடமாக வரும், அதுவும் நீங்கள் எடுக்கிற பிரிவைப் பொறுத்தது. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கற்றுக்கொள்வதற்காக எம்பிஏ சேர்வது, தக்காளி ஒரு கிலோ வாங்க பாலக்கோடு மண்டியில் லாரி பிடிக்கிற மாதிரி. ஆனால் பெயருக்குப் பின்னால் பட்டம் இருந்தால்தான் உதவியாளரில் இருந்து அதிகாரி ஆக்குவோம் என்று சொல்கிற கம்பெனிகள் நம்ம பக்கம் நிறைய. எனக்குப் பதவி உயர்வு வந்தது எம்பிஏவால், வேலை தெரிந்தது வேறு இடத்தால். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கம்ப்யூட்டர் சென்டர் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்று போர்டில் எழுதியிருந்தார்கள், போய்ப் பார்த்தால் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் மென்பொருளில் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான் பாடம். சொல்லிக்கொடுத்தவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், பாவம், அவரும் புத்தகத்தைப் பார்த்துத்தான் அழுத்தினார். ஒன்றரை மாதம் போய்க் எந்த வேலை எந்த நாளில் என்று பட்டை பட்டையாகக் காட்டும் கான்ட் சார்ட்டைக் கலர் கலராகப் போடக் கற்றுக்கொண்டு ஆபீசுக்கு வந்தால், எங்கள் கம்ப்யூட்டரில் அந்த மென்பொருளே இல்லை, வாங்கித் தர முதலாளிக்கு மனசும் இல்லை. பணம் போனது போனதுதான். கான்ட் சார்ட் 1910களில் காகிதத்தில் கோடு போட்டுப் பிறந்த விஷயம், எக்செல் கட்டத்தில் கலர் அடித்தாலே வரும். ஆனால் எக்செல் சரியாக வராதவர்கள், வீலுக்அப், பிவட் எல்லாம் கேட்டால் முழிப்பவர்கள், அதே சென்டரில் எக்செல் வகுப்புக்குப் போகலாம். நிர்வாக வேலைக்கு அது வீண் போகாது.

கடைசியாக, கோர்ஸ் எதுவும் சேராமல் இருக்கிற மேஜையிலேயே கற்றுக்கொள்வது. ஆபீஸ் மாற்றின கூத்துக்கு அப்புறம் எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன் ஒருவர்தான் இதற்கு வழி காட்டினார். பத்தாம் வகுப்போடு நின்றவர், முப்பது வருஷ அனுபவம். அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. "வேலை என்னான்னு எழுதாதம்மா, அது யாரு கையில நிக்குதுன்னு எழுது" என்றார். நான் அதை எக்செலில் போட்டேன். நாலு காலம்தான், அதாவது நாலு நெடுவரிசை: என்ன வேலை, இப்போது யார் கையில், அவர் கைக்குப் போன தேதி, நான் மறுபடி கேட்க வேண்டிய தேதி. காலையில் வந்ததும் நாலாவது காலத்தை வைத்து வரிசைப்படுத்துவேன், இன்றைய தேதி உள்ளவர்களுக்கு எல்லாம் ஒரு போன். தீயணைப்பு சிலிண்டர் நிரப்பக் கொடுத்தது, தொழிற்சாலை உரிமத்துக்குப் போட்ட விண்ணப்பம், கேன்டீன்காரர் தர வேண்டிய கொட்டேஷன், ஆடிட்டர் ஆபீசில் கிடக்கிற கோப்பு எல்லாம் அதில் வரிசையாக நிற்கும்.

அற்பமாகத் தெரியும். ஆனால் நிர்வாகத்தில் ஒரு வேலை பத்து நாள் எடுத்தது என்றால் அதில் நாம் செய்தது இரண்டு மணி நேரம் இருக்கும், மற்ற நாள் எல்லாம் அது யார் மேஜையிலோ தூங்கியிருக்கும். கட்டிடம் கட்டுகிறவரின் திட்டம் வேலை எவ்வளவு நாள் எடுக்கும் என்பதில் நிற்கிறது, நம்முடையது காத்திருப்பு எவ்வளவு நாள் என்பதில். நான் பார்த்த கோர்ஸ்களில் முதலாவதுக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினார்கள், இரண்டாவதை ஓரிரு வகுப்பில் தாண்டிப் போனார்கள். ஜப்பானில் டொயோட்டா ஆலையில் இருந்து வந்த கான்பான் அட்டை முறையும், அதை வைத்துச் செய்த ட்ரெல்லோ மாதிரி ஆப்களும் இதற்குக் கொஞ்சம் கிட்டே வரும். எந்த வேலை எங்கே தேங்கி நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். தம்பிக்கு ட்ரெல்லோ பிடித்தது, எனக்கு எக்செல்தான்.

மேஜைப் படிப்பின் குறை, சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அந்த அண்ணன் மாதிரி ஒருவர் எல்லா ஆபீசிலும் இருக்க மாட்டார். இருந்தாலும் அவர் சொல்வது அந்த ஆபீசுக்குள்தான் செல்லும். நாளைக்கு வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போனால், நோட்டில் எழுதுவேன் சார் என்று சொல்ல முடியாது. இடர், மைல்ஸ்டோன், ஸ்டேக்ஹோல்டர் என்று அவர்கள் பாஷையில் பேச வேண்டும், அந்தப் பாஷையைக் கோர்ஸ்தான் தரும். அதேபோல, வெறும் நோட்டை வைத்து என்றைக்கும் கிரிட்டிக்கல் பாத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். எது எதற்கு முன்னால் என்று அம்புக்குறி போட்டு வரைகிற பழக்கம் அந்த ஆயிரம் ரூபாய் பாடத்தில் வந்ததுதான். இப்போது எந்த வேலை வந்தாலும் முதலில் ஒரு தாளில் அம்பு வரைகிறேன், கையெழுத்து வேண்டிய இடத்துக்கு எல்லாம் சிவப்பு வட்டம் போடுகிறேன்.

அப்போ என் பக்கம் எது? கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ முதலாளி நேரில் பார்த்து நடத்துகிற கம்பெனி, பள்ளி, மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்துகொண்டு அதே வேலையை நன்றாகச் செய்ய வேண்டும் என்றால் நாலு கால எக்செலும் ஒரு என்பிடெல் பாடமும் போதும், மொத்தச் செலவு ஆயிரத்தைத் தாண்டாது. முதலாளி சான்றிதழைப் பார்க்கப் போவதில்லை, சீசனுக்கு முன்னால் உரிமம் கைக்கு வந்ததா என்றுதான் பார்ப்பார். ஓசூர் சிப்காட் பக்கம் பெரிய வாகன, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குத் தாவ வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கூகுள் கோர்ஸை முடித்து அப்படியே சிஏபிஎம் எழுதுவது நல்ல வரிசை, ஏனென்றால் அங்கே விண்ணப்பத்தை முதலில் படிப்பவர் நம்மைத் தெரிந்த முதலாளி இல்லை, முகம் தெரியாத எச்ஆர். அந்த ஆளுக்கு நோட்டும் தெரியாது, ஸ்டோர்ஸ் அண்ணனையும் தெரியாது. எம்பிஏ, உங்கள் கம்பெனி அதைக் கேட்டால் மட்டும். பிஎம்பி, நாலைந்து வருஷம் கழித்து.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது, "என்பிடெல், கூகுள் ரெண்டும் சேர்த்துப் படிச்சா என்னக்கா?" படிக்கலாம், ஆனால் அவர் தினமும் காரிமங்கலத்தில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், வீட்டில் மாடும் இருக்கிறது, ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் உட்கார முடியும். ஒன்றை எடுத்து முடி, அடுத்ததை அப்புறம் பார்க்கலாம் என்றேன். விளம்பரத்துக்குப் பணம் கட்டவில்லை. என்பிடெல்லில் அடுத்த ஜனவரிக்குச் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரைக்கும் மேஜைப் படிப்பு நடக்கட்டும் என்று என் எக்செலைக் காப்பி எடுத்துக் கொடுத்தேன்.

போன திங்கள்கிழமை அவர் நிரப்பின ஷீட்டைக் காட்டினார். நன்றாகத்தான் போட்டிருந்தார், இருபத்தாறு வரி. யார் கையில் என்ற காலத்தில் ஆடிட்டர், கான்ட்ராக்டர், ஸ்டோர்ஸ் என்று வந்துகொண்டிருந்தது, நடுவில் மூன்று வரியில் அக்கா, அக்கா, அக்கா. அவருடைய வண்டிப்படி பில் ஒன்று நான் கையெழுத்துப் போடாமல் மார்ச் மாதத்தில் இருந்து என் டிராயரில் இருந்திருக்கிறது.